பழஞ்சுவர்த் தோற்றம் தரும் கிளேஸ் பூச்சு: ஓராண்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

மதுரையில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், வாசலுக்கு நேரெதிரே 14 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட ஒரு சுவர் இருக்கிறது. சன்னலோ அலமாரியோ இல்லாத வெறும் சுவர். வீட்டுக்கு மறுபடி வண்ணம் அடிக்க வேண்டி வந்தபோது, இந்த ஒரு சுவரை மட்டும் காலத்தில் பழுத்த சுண்ணாம்புச் சுவரைப் போல ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக வாங்கியது நீரில் கலக்கும் அக்ரிலிக் கிளேஸ், ஒரு லிட்டர் டப்பா இரண்டு. சித்திரை வெயிலில் ஒரு முறை அடித்துத் தோற்று, மார்கழியில் மறுமுறை அடித்து முடித்தேன். அதன்பின் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. டப்பாவின் மேலிருந்த பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் இவ்வகைப் பூச்சின் இயல்பையே சார்ந்தவை, ஒரு நிறுவனத்தை மட்டும் சார்ந்தவை அல்ல என்பதே காரணம்.

கிளேஸ் என்றால் என்ன என்று பெயிண்ட் கடையில் கேட்டால், பலர் வார்னிஷைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டும் வேறு. நாம் வழக்கமாக அடிக்கும் எமல்ஷனில், அடியிலுள்ளதை மறைப்பதற்கென்றே வெண்ணிறமி சேர்த்திருப்பார்கள். கிளேஸில் அது கிடையாது. பிசினும் நீரும், உலர்வதைத் தாமதப்படுத்தும் கிளைக்கால் வகைத் திரவமுமே இருக்கும். டப்பாவில் பாலைப் போல வெண்மையாகத் தெரியும் இது, உலர்ந்ததும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். நான்கு பங்கு கிளேஸில் ஒரு பங்கு வண்ணத்தைக் கலந்து சுவரில் தடவி, ஈரம் காய்வதற்குள் துணியாலோ கடற்பஞ்சாலோ ஒற்றியும் துடைத்தும் எடுத்தால், எடுத்த இடத்தில் அடிவண்ணமும் விட்ட இடத்தில் மேல்வண்ணமும் தெரியும். வெளிச்சம் மேற்படலத்தினூடே போய் அடிவண்ணத்தில் பட்டுத் திரும்புவதால், ஒரே பூச்சில் கிடைக்காத ஓர் ஆழம் சுவருக்கு வந்துவிடுகிறது. முற்காலத்தில் ஐரோப்பியக் கைவினைஞர்கள் இதை ஆளிவிதை எண்ணெயில் செய்தார்கள். எண்ணெய்க் கலவை மெல்லக் காயும் என்பதால் அவர்கள் நிதானமாக வேலை பார்க்க முடிந்தது. ஆனால் நாளாக ஆக அந்தப் படலம் மஞ்சளித்துவிடும். நீரில் கலக்கும் இன்றைய கிளேஸ் மஞ்சளிப்பதில்லை. அதற்கு ஈடாக நம்மிடமிருந்து அது எடுத்துக்கொள்வது நேரத்தை.

நேரம் என்பது இந்தப் பூச்சில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் சித்திரை மாதத்தில்தான் உணர்ந்தேன். டப்பாவுடன் வந்த தாளில், கிளேஸ் 20 நிமிடம் வரை ஈரமாக இருக்கும் என்று அச்சிட்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு, மேற்கு வெயில் வெளிப்புறமாகக் காய்ச்சிக்கொண்டிருந்த அந்தச் சுவரில், ஏழு நிமிடத்தில் அது பிசுபிசுக்கத் தொடங்கியது. பாதி காய்ந்த கிளேஸைத் துணியால் துடைத்தால் அது வழுக்கிக்கொண்டு வராது. இழுபட்டுச் சுருண்டு, அடிவண்ணம் வரை பெயர்ந்துவிடும். அதைவிட மோசமானது, முதலில் அடித்த பகுதியின் விளிம்பு காய்ந்தபின் அதன்மேல் அடுத்த பகுதி ஏறும்போது விழும் இரட்டைப் படலம். அந்த இடம் கருத்த வரியாகத் தெரியும். பெயிண்டர்கள் இதை ‘ஜாயிண்ட் தெரியுது’ என்பார்கள். அன்று மாலை என் சுவரில் இரண்டு முழ இடைவெளிக்கு ஒன்றாக நான்கு ஜாயிண்டுகள் மேலிருந்து கீழாக நின்றன. பழஞ்சுவரில் செங்குத்தான நேர்க்கோடு எங்கும் இருக்காது என்பதால், வேறு எந்தப் பிழையையும்விட இதுவே முழுத் தோற்றத்தையும் கெடுத்துவிடுகிறது. நீர் அதிகம் கலந்தால் மெதுவாகக் காயும் என்று நினைத்துக் கலந்து பார்த்தேன். நீர் விரைவாக ஆவியாகிப் போவதால் அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் முழுச் சுவரையும் அடிவண்ணத்தால் மூடிவிட்டு, குளிர்காலத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்தத் தாளில் எழுதியிருந்ததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மார்கழி விடியலில், சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஐந்தரை மணிக்கு வேலையைத் தொடங்கியபோது அதே கிளேஸ் 15 நிமிடத்துக்கும் மேல் கைக்கு இசைந்து கொடுத்தது. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி கொளுத்துகின்ற ஊர்களில் விற்கும் ஒரு பொருளுக்கு, எந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் என்ற ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவத்தைச் சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம் என்ற செய்தியும் தாளில் இல்லை. ஓவியப் பொருள்கள் விற்கும் கடையில் அதைப் பின்னால் கண்டுபிடித்தேன். சித்திரையிலேயே தெரிந்திருந்தால் ஒரு லிட்டர் வீணாகியிருக்காது.

இது ஒருவர் தனியாகச் செய்யும் வேலையும் அல்ல. ஒருவர் அகலத் தூரிகையால் தடவிக்கொண்டு முன்னே போக, மற்றவர் பின்னாலேயே துணியுடன் வர வேண்டும். சுவரின் ஒரு மூலையில் தொடங்கினால் மறு மூலைக்குப் போய்த்தான் நிற்க வேண்டும். இடையில் தேநீருக்குக்கூட நிறுத்தக் கூடாது. என்னுடன் வேலை செய்த பெயிண்டர் அனுபவம் மிக்கவர். முதல் நாள் தூரிகையைக் கையில் பிடித்தபடி அவர் சொன்னார்: “சார், இருபத்தஞ்சு வருசமா சுவத்துல திட்டு விழாம அடிக்கத்தான் கத்துக்கிட்டிருக்கேன். இப்ப திட்டுத் திட்டா அடிக்கச் சொல்றீங்களே, கை வர மாட்டேங்குது.” அவர் சொன்னது உண்மை. பயின்ற கை தானாகவே சமன்செய்யப் பார்க்கிறது. மேலும் கீழுமாக இழுப்பதை விட்டுவிட்டு, நான்கு அங்குலத் தூரிகையால் குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறி போடுவதைப் போல அடித்து, ஓரங்களை நேராக விடாமல் கிழிந்த காகிதத்தின் விளிம்பு போல விட்டுச் செல்வதற்கு அவருக்கு இரண்டு மாதிரிப் பலகைகள் தேவைப்பட்டன. மூன்றாம் பலகையில் அவர் செய்து காட்டியது என்னால் செய்ய முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. யாரிடம் இந்த வேலையைக் கொடுத்தாலும், இரண்டடிக்கு இரண்டடிப் பலகை மூன்றையாவது வீணாக்க ஒப்புக்கொள்பவரிடம் கொடுங்கள். சுவரிலேயே பழகிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சுவரைத் தயார் செய்வதைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாப் பெயிண்டருக்கும் தெரிந்தவை. பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தபின், அடிவண்ணம் மங்கலான மேட் வகையாக இருக்கக் கூடாது. லேசான பளபளப்புள்ள சாட்டின் வகையாக இரண்டு கோட் இருக்க வேண்டும். மேட் பரப்பு கிளேஸை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வழுக்கும் பரப்பில்தான் அதை நகர்த்தவும் துடைக்கவும் முடியும். பட்டி ஒட்டுப்போட்ட இடத்தில் பிரைமர் சரியாக ஏறவில்லையென்றால், அந்த இடம் மட்டும் நிறத்தைக் குடித்துக் கருத்து நிற்கும்.

இனி, நான் மிகவும் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். தாளில் அச்சிட்டிருந்த வண்ணப்படத்தில், முழுச் சுவரும் ஒரே சீரான மேகக் கூட்டம் போல இருந்தது. கடைகளில் மாதிரிக்கு வைத்திருக்கும் பலகைகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அது அழகாக இருக்கலாம். ஆனால் பழமை அப்படி இருப்பதில்லை. சுவர் எங்கும் ஒரே அளவில் முதுமை அடைவதில்லை. தோள் உயரத்தில், ஆள்கள் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய மினுமினுப்பு இருக்கும். விளக்கு மாடத்துக்கு மேலே புகை நாக்கு நீண்டு, உச்சியில் மெல்லக் கரையும். தரையை ஒட்டிய முக்கால் அடியில் கழுவிவிட்ட நீர் தெறித்த கறை. முற்றத்து வெயில் நாள்தோறும் தொடும் சாய்ந்த பட்டையில் மட்டும் நிறம் வெளுத்திருக்கும். மூலைகளில் துடைப்பமும் துணியும் எட்டாத நிழல். உத்தரத்துக்குக் கீழே, ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் மட்டை முழுதாக எட்டாததால், பழைய கோட்டின் நிறம் ஒரு விரல் அகலத்துக்கு எஞ்சியிருக்கும்.

இவற்றைப் பார்ப்பதற்காகவே காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தானுக்கு ஒரு நாள் போய்வந்தேன். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் உள்ள சுவர்கள் இந்த முயற்சிக்கு முன்மாதிரி ஆகமாட்டா என்பது போனவுடனே தெரிந்துவிட்டது. சலித்த சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி, மேலடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தப் பரப்பு, தொட்டால் குளிர்ந்து, பளிங்கு போல வழுவழுப்பாக இருக்கிறது. அந்த வழுவழுப்பு பூச்சின் உள்ளிருந்து வருவது. மேலே தடவும் எந்த வண்ணத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் பின்கட்டில், அடுப்படியை அடுத்த சுவர்களில், பல்லாண்டுகளாக மேன்மேலும் ஏறிய வெள்ளைச் சுண்ணாம்பின் அடுக்குகள் ஆங்காங்கே உதிர்ந்து கீழடுக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தன. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடியும் கல்லாகிறது. அப்படி ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மெல்லிய கல்தோல் கூடிக்கூடி வந்த சுவர் அது. வெண்மை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த நீலம் மங்கி, மஞ்சளித்த மேலடுக்குக்குக் கீழே மயிலிறகின் நுனி போல ஓரிரண்டு இடத்தில் எட்டிப் பார்த்தது. எந்த வண்ணப் புத்தகத்திலும் நான் அதுவரை பார்த்திராத சேர்க்கை அது. என் சுவருக்கு வேண்டிய நிறங்களை அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

அதன்படி அடிவண்ணம் மோர் நிறம். முதல் கிளேஸில் யெல்லோ ஓக்கர் என்று விற்கும் மஞ்சட்காவியும் அதில் எட்டில் ஒரு பங்கு ரா அம்பர் என்ற மண்பழுப்பும். இரண்டாம் கிளேஸ், மங்கிய சாம்பல் நீலம்; இது முழுச் சுவருக்கும் இல்லாமல், ஏழெட்டு இடத்தில் கையகலத்துக்கு மட்டும். மூன்றாவது, நீர்த்த பால் போன்ற வெள்ளைக் கிளேஸ். முன் இரண்டையும் முகத்திரை போல மூடி, பின் ஈரத் துணியால் சில இடங்களில் விலக்கப்பட்டது. மூலைகளுக்கும் தரையோரத்துக்கும் மட்டும் பர்ன்ட் சியன்னா கலந்த மெல்லிய நான்காம் தடவல். சியன்னா என்பது இத்தாலியில் உள்ள நகரத்தின் பெயர். அவ்வூர் மண்ணைச் சுட்டெடுத்த செம்பழுப்பு அது. இரும்புத்துரு நிறமேற்றிய மண் என்ற வகையில் நம் காவிக்கல்லுக்கு உறவு. அதனால்தானோ என்னவோ, நம் வீட்டுச் சுவரில் அது அயலாகத் தெரிவதில்லை.

நிறம் கலப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடைகளில் சிறு புட்டியில் கிடைக்கும் ஸ்டெய்னர் என்ற அடர்நிறத் திரவத்தை நேரடியாகக் கிளேஸில் ஊற்றுவது எளிதாகத் தோன்றும். ஸ்டெய்னர் தானாக உலரும் பொருள் அன்று. அளவு மீறினால் பூச்சு நாள்கணக்கில் பிசுக்காகவே நிற்கும். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால், கடையிலேயே அந்த நிறத்தில் எமல்ஷனைக் கலக்கச் சொல்லி வாங்கி, அதைக் கிளேஸில் சேர்ப்பதே நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

ஒற்றி எடுப்பதற்குக் கடற்பஞ்சு, பிளாஸ்டிக் தாள், கசக்கிய செய்தித்தாள் எனப் பலவற்றைத் தாள் பரிந்துரைக்கிறது. எல்லாவற்றையும் பலகையில் முயன்று பார்த்ததில், பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணிக்கு எதுவும் ஈடாகவில்லை. நூல் பிரியாது, நிறத்தை அளவாக வாங்கிக்கொள்ளும், கையில் மடிப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரே தடம் இரண்டு முறை விழாது. கடற்பஞ்சு பூப்பூவாக அச்சு வைத்துவிடுகிறது. கண் அந்தப் பூவைக் கண்டுகொண்டால் பிறகு சுவர் முழுவதும் அதையே தேடிக்கொண்டிருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் சுவரில் திட்டு தெரிந்தால் பார்ப்பவர் மனம் முதலில் எண்ணுவது ஓதத்தைத்தான். மழைக்குப் பின் மாடியிலிருந்து நீர் இறங்கிய சுவரையும், உப்புப் பூத்துப் பொரிந்த சுவரையும் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. என் முதல் மாதிரிப் பலகையில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தை முயன்றிருந்தேன். அதைப் பார்த்த என் மாமியார், “மேல தண்ணித் தொட்டி ஒழுகுதா தம்பி?” என்று கவலையோடு கேட்டார். அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அன்றே அந்த நிறத்தைக் கைவிட்டேன். ஓதம் சாம்பல் நிறத்தில் வரும், விளிம்பு கூர்மையாக இருக்கும், மேலிருந்து அல்லது தரையிலிருந்து தொடர்ச்சியாக ஏறும். எனவே மஞ்சளும் காவியுமாக வெதுவெதுப்பான நிறங்களைத் தேர்ந்து, திட்டுகளின் விளிம்பைக் கரைத்து, கூரையோடு எதையும் இணைக்காமல் விட்டால் அந்த ஐயம் எழுவதில்லை.

இந்தக் கிளேஸின் பெரிய குறை அதன் பளபளப்பு. உலர்ந்தபின் முட்டையோட்டைப் போன்ற மினுக்கு வருகிறது. பகலில் அது தெரிவதில்லை. இரவில் வெள்ளைக் குழல் விளக்கைப் போட்டால் சுவர் பாலிதீன் தாளில் சுற்றியது போலத் தோன்றுகிறது. சுண்ணாம்பு ஒளியை நாலாபக்கமும் சிதறவிடும் பொருள், இதுவோ திருப்பி அடிக்கிறது. மேலே நீர்வகை மேட் வார்னிஷ் ஒரு கோட் ரோலரால் அடித்தபின்தான் சுவர் சுவராயிற்று. இந்தத் தேவையைத் தாளில் ‘விருப்பமானால்’ என்று போட்டிருக்கிறார்கள். பழஞ்சுவர்த் தோற்றத்துக்கு அது கட்டாயம் என்பேன். அத்துடன் குழல் விளக்கை எடுத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் எல்இடி விளக்கைச் சற்றுத் தள்ளி மாட்டினோம்.

ஓராண்டில் நிறம் மங்கவில்லை. ஈரத் துணியால் துடைத்தால் கறை போகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, வெளிச்சுவரை ஒட்டிய மூலையில், தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குப் படலம் கொப்பளித்தது. சுவருக்குள் இருந்த ஈரம் வெளியேற வழி தேடியிருக்கிறது, மேலே அக்ரிலிக் படலம் அடைத்துக்கொண்டிருந்தது. தவறு என்னுடையது, அடிக்கும் முன்பே வெளிப்புறக் கசிவைச் சரிசெய்திருக்க வேண்டும். இதிலிருந்து உறுதியாகச் சொல்ல ஒன்று உண்டு. சிமெண்ட் பூச்சுள்ள புது வீடுகளுக்கு இந்தக் கிளேஸ் தகும். உண்மையிலேயே சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய வீடு உங்களுடையதானால், அருள்கூர்ந்து இதைத் தொடாதீர்கள். அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டு உயிர்வாழ்பவை. பிளாஸ்டிக் படலம் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அங்கே சுண்ணாம்பே அடியுங்கள். பழமை அங்கு ஏற்கெனவே இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, வீணானதை விட்டுவிட்டால் 140 சதுர அடிக்கு எல்லாத் தடவலும் சேர்த்து ஒரு லிட்டர் கிளேஸே போதுமானதாக இருந்தது. பொருளின் விலையைவிட கூலிதான் அதிகம், ஏனெனில் விடியலில் மட்டும் வேலை நடந்ததால் ஐந்து நாளாயிற்று. ராயல் பிளே போன்ற பெயர்களில் வரும் ஆயத்த வகைகளைத் தேர்ந்தால் நிறம் கலக்கும் வேலை மிச்சம். இத்தாலிய முறைச் சுண்ணாம்புப் பூச்சுகளும் இப்போது கிடைக்கின்றன. கரணை பிடித்துப் பழகிய கை வேண்டும் என்பதால் கூலி பலமடங்கு ஆகும். சுவரைத் தானே பார்த்துப் பார்த்துச் செய்ய விரும்புபவருக்கும், நிறத்தைத் தன் ஊரிலிருந்து எடுக்க விரும்புபவருக்கும் நிறமற்ற கிளேஸே உகந்தது. ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று, வெயிலைப் பற்றி வாய்திறக்காத அந்தத் தாளுக்கும் ‘விருப்பமானால்’ என்ற அந்தச் சொல்லுக்கும்.

ஒவ்வொரு கலவையிலும் ஒரு குவளையளவு எடுத்து, நாளும் விகிதமும் எழுதி ஒட்டிய கண்ணாடிப் புட்டிகளில் மூடி வைத்திருந்தேன். கசிவைச் சரிசெய்து, கொப்பளித்த மூலையைச் சுரண்டிப் பட்டி வைத்து, நன்றாகக் காயவிட்டபின் அந்தப் புட்டிகளைத் திறந்து அதே வேட்டித் துணியால் ஒற்றினேன். ஒரே நிறத்தில் அடித்த சுவராக இருந்தால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். இங்கே சென்ற வாரம் பெயிண்டரையே அழைத்துக் காட்டினேன். எந்த மூலை என்று அவராலும் சொல்ல முடியவில்லை.